முப்பத்தொரு நாள்: குழு ஆயுட் காப்புறுதியும் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியும்

ஒரு தொழிலாளி தன் வேலையை விட்டு நீங்கும்போது அவனுடன் கூடச் செல்வன எவை, தொழிற்சாலை வாயிலிலேயே நின்றுவிடுவன எவை என்னும் வினா கைத்தொழில் யுகத்தின் சமூக வரலாற்றிலே பெரிதும் கவனிக்கப்படாத ஒன்றாகும். கூலி, வேலைநேரம், தொழிற்சங்க உரிமை ஆகியன பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. ஆனால் வேலை தருபவன் எடுத்துக்கொடுத்த ஆயுட் காப்புறுதி, அவ்வேலை போன பின்னர் என்ன ஆகின்றது என்பதைச் சட்ட நூல்களும் காப்புறுதிப் பாடநூல்களுமே ஓரிரு பக்கங்களிற் கூறிச் செல்கின்றன. காப்புறுதிப் பத்திரமொன்றின் ஒரு வாசகத்திலே வரலாற்று மாணவனுக்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். தொழிலாளி தனக்குரியது என நம்பியிருந்த ஒரு பாதுகாப்பு உண்மையில் யாருக்கு உரியதாயிருந்தது என்பதை அவ்வாசகத்தைப் போல வேறெதுவும் வெளிப்படையாகக் காட்டவில்லை என்பதே நமது மறுமொழியாகும். இவ்வகைக் காப்புறுதி தோன்றி வளர்ந்த களம் ஐக்கிய அமெரிக்காவாதலின் இக்கட்டுரை அந்நாட்டு வரலாற்றையே முதன்மையாகக் கொள்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தொழிலாளி இறந்தால் அவனது குடும்பத்துக்கு இருந்த வழிகள் மிகச் சிலவே. உடன் வேலை செய்வோர் தொப்பியை ஏந்திப் பணம் சேர்ப்பது ஒன்று. 1875 இல் நியூவார்க் நகரிலே தொடங்கப்பட்ட புறூடென்ஷல் கம்பனி போன்றவை வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று சில சதங்களை அறவிட்டு வழங்கிய சிறு பத்திரம் மற்றொன்று. ஈமச் செலவுக்கு அப்பால் அது பெரிதும் உதவியதில்லை. இவற்றினும் முக்கியமானவை சகோதர சங்கங்கள். 1868 இல் பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் என்னும் ஊரிலே ஜோன் அப்சேர்ச் என்பவர் நிறுவிய சங்கம் இவற்றுள் முன்னோடியானது. உறுப்பினன் ஒருவன் இறந்தால் ஏனைய உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் வீதம் கொடுத்து அவன் குடும்பத்தைத் தாங்குவது அதன் முறை. வயது வேறுபாடு பாராது எல்லோரிடமும் ஒரே தொகையை அறவிட்டமையால் உறுப்பினர் முதுமையுற முதுமையுற இத்தகைய சங்கங்கள் பல நிலைகுலைந்தன. எனினும் அவற்றில் ஒரு சிறப்பு இருந்தது. அப்பாதுகாப்பு மனிதனைச் சார்ந்திருந்ததேயன்றி அவன் வேலையைச் சார்ந்திருக்கவில்லை. அவன் சுரங்கத்திலிருந்து ஆலைக்கு மாறினாலும், வேலையே இல்லாதிருந்தாலும், சந்தாவைக் கொடுக்கும்வரை உறுப்பினனே.

வேலையுடன் பிணைந்த பாதுகாப்பு புகையிரதக் கம்பனிகளின் மூலமே பேரளவிற் புகுந்தது எனலாம். 1880 இல் பால்ற்றிமோர் - ஒகாயோ புகையிரதக் கம்பனி தன் ஊழியருக்கான நிவாரணச் சங்கத்தைத் தோற்றுவித்தது. விபத்து, நோய், மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஊழியரின் கூலியிலிருந்து பணம் கழிக்கப்பட்டது. உதவித்தொகையை ஏற்றுக்கொள்பவர் கம்பனிமீது நட்டஈட்டு வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிட வேண்டியிருந்தது. இவ்வாறான நிறுவன நிதிகள் பலவற்றிலே வேலையை விட்டு நீங்குபவன் அதுவரை செலுத்தியவற்றின் பயனையும் இழந்தே நீங்கினான். வேலைநிறுத்தம் பற்றிச் சிந்திக்கும் ஒருவன் மனைவி மக்களையும் சிந்திக்கவேண்டிய நிலை இதனால் உருவாயிற்று.

இந்தப் பின்னணியிலேயே 1911 ஆம் ஆண்டை நோக்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் 25 ஆந் திகதி நியூயோர்க் நகரத் தையற் தொழிற்சாலையொன்றில் ஏற்பட்ட தீயில் 146 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே விஸ்கொன்சின் போன்ற மாநிலங்கள் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்களை நடைமுறைக்குக் கொணர்ந்தன. அற்லாந்திக்குக்கு அப்பால் பிரித்தானியாவில் லொயிட் ஜோர்ஜ் தேசிய காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். ஆயின் விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான உதவியை அதிற் சேர்க்கும் எண்ணத்தை, வீடுவீடாகப் பணம் திரட்டும் காப்புறுதிக் கம்பனிகளின் எதிர்ப்பினாற் கைவிட்டார். (விதவைகளுக்கான பங்களிப்பு ஓய்வூதியம் அங்கு 1925 இலேயே வந்தது.) குடும்பத் தலைவனின் மரணத்தை அரசு காப்புறுதி செய்வதா, சந்தை காப்புறுதி செய்வதா என்ற போட்டியிலே சந்தை முந்திக்கொண்ட ஆண்டு அது என்று கொள்வது தவறாகாது. ஏனெனில், அதே 1911 ஜூன் மாதத்தில் எக்குவிற்றபிள் ஆயுட் காப்புறுதிச் சங்கம், பன்ரசோற் என்னும் தோற்பொருள் உற்பத்திக் கம்பனியின் ஊழியர் 121 பேரையும் ஒரே பத்திரத்தின்கீழ்க் கொணர்ந்தது. 1912 ஜூலையிற் சிக்காகோவின் மொன்ற்கொமெரி வார்ட் வணிக நிறுவனத்தின் ஏறக்குறைய மூவாயிரம் ஊழியர்க்கு அதே சங்கம் காப்பளித்தது. குழு ஆயுட் காப்புறுதி என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. அதன் கணிப்பு முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் எக்குவிற்றபிளின் வில்லியம் கிரஹம்.

இவ்வமைப்பின் உள்ளியல்பைச் சற்று விரிவாகவே பார்த்தல் வேண்டும். பின்னர் எழுந்த சிக்கல் முழுவதும் இதற்குள்ளேயே கருக்கொண்டிருந்தது. தனி மனிதன் ஒருவன் ஆயுட் காப்புறுதி கேட்டு வரும்போது, அவன் ஏன் கேட்கிறான் என்ற ஐயம் கம்பனிக்கு எழுவது இயல்பு. நோயாளியே பெரிதும் நாடி வருவான். ஆகவே வைத்தியப் பரிசோதனை நடத்தப்படும். குழுவிலோ ஒருவரும் காப்புறுதிக்காகச் சேர்வதில்லை, வேலைக்காகச் சேர்கின்றனர். நாள்தோறும் எழுந்து வேலைக்கு வருவதே ஓரளவுக்கு உடல்நலச் சான்றாகின்றது. எனவே பரிசோதனை தேவையில்லை. முகவருக்குக் கொடுக்கும் தரகுப்பணமும் குறைவு. இன்னொன்றும் உண்டு. குழு என்பது ஓடும் ஆறு போன்றது. இளைஞர் வந்து சேர்கின்றனர், முதியோரும் நோயுற்றோரும் விலகிச் செல்கின்றனர். ஆண்டுகள் கழிந்தாலும் குழுவின் சராசரி வயது பெரிதாக உயர்வதில்லை. ஓராண்டுத் தவணைக் காப்புறுதியாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இப்பத்திரத்தின் கட்டுப்பணம் மலிவாயிருந்ததன் இரகசியம் இதுவே. இன்னும் வெளிப்படையாகச் சொல்வதாயின், நீங்கிச் செல்வோர் நீங்கிச் செல்வதனாலேயே எஞ்சியிருப்போரின் காப்புறுதி மலிவாகின்றது. முதுமையும் நோயும் வந்த காலத்திலே வெளியே செல்பவனிடமிருந்து குழு பெற்ற நன்மை பெரிது. அவனுக்குக் குழு கொடுத்தனுப்ப வேண்டியது எதுவுமில்லை.

முதலாளிமார் இதனை ஏன் விரும்பினர் என்பதும் ஈண்டு குறிப்பிடற்பாலது. அக்காலத்து அமெரிக்கத் தொழிற்சாலைகளிலே தொழிலாளர் நிலைத்து நிற்பதில்லை. போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையிலே 1913 இல் ஊழியர் மாற்ற விகிதம் நூற்றுக்கு 370 அளவில் இருந்தது. 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து டொலர் நாட்கூலியின் நோக்கங்களுள் ஒன்று அதனைக் குறைப்பதே. குழுக் காப்புறுதியும் அதே நோக்கத்துக்கு உதவும் என்று முகவர்கள் முதலாளிகளிடம் எடுத்துரைத்தனர். பல திட்டங்களிலே காப்புறுதித் தொகை சேவை ஆண்டுகளுக்கேற்ப உயர்ந்து சென்றமை இதற்குச் சான்று. தொழிலாளியை நிறுத்தி வைப்பதற்காக வாங்கப்பட்ட ஒன்று, அவன் போகும்போது அவனுடன் செல்ல வேண்டும் என்று வாங்கியவர் விரும்பியிருக்க நியாயமில்லை.

அவ்வாறாயின் மாற்றுரிமை எங்கிருந்து வந்தது? தொழிலாளரின் போராட்டத்தினால் வந்தது என்று எண்ணத் தோன்றும். நமக்கு அவ்வாறு படவில்லை. குழுக் காப்புறுதிக்குத் தொடக்கத்திலே கடுமையான எதிர்ப்பு இருந்தது. பரிசோதனையின்றிக் காப்புறுதி வழங்குவது ஏனைய பத்திரதாரருக்கு அநீதி என்று போட்டிக் கம்பனிகள் கூறின. தம் உறுப்பினரை இழப்போம் என்று சகோதர சங்கங்கள் அஞ்சின. முகவர்கள் தம் வாடிக்கையாளர் பறிபோவதாக முறையிட்டனர். தொழிற்சங்கத்தாரோ இது தொழிலாளியை முதலாளியுடன் கட்டிப்போடும் கயிறு என்றனர். இந்நிலையில் மாநிலக் காப்புறுதி ஆணையாளர்களின் தேசிய மாநாடு 1917 இல் குழு ஆயுட் காப்புறுதிக்கு ஒரு வரைவிலக்கணத்தையும் நியம ஏற்பாடுகளையும் வகுத்தது. குழுவில் ஆகக் குறைந்தது 50 ஊழியர் இருத்தல் வேண்டும். ஊழியர் பங்களிப்புச் செய்யும் திட்டமாயின் நூற்றுக்கு 75 பேராவது சேர்தல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அத்தாட்சிப் பத்திரம் வழங்கப்படல் வேண்டும். இவற்றோடு, வேலை நீங்கிய ஊழியர் 31 நாட்களுக்குள் விண்ணப்பித்துக் கட்டுப்பணத்தைச் செலுத்தினால், உடல்நலச் சான்று எதுவுமின்றித் தனிப்பட்ட பத்திரமொன்றைப் பெறலாம் என்ற ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. நியூயோர்க் மாநிலம் 1918 இல் இதனைச் சட்டமாக்கியது. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. எதிர்த்தோர் அனைவரையும் ஓரளவு சமாதானப்படுத்தும் தன்மை இவ்வேற்பாட்டுக்கு இருந்தது. முகவருக்கு ஒரு புதிய வாடிக்கையாளர். கம்பனிக்கு ஒரு முழு ஆயுட் பத்திரம். தொழிலாளிக்கு ஓர் உரிமை.

உரிமைதான். ஆனால் அவ்வுரிமையின் விலை என்ன? மாற்றப்படும் பத்திரம் தவணைக் காப்புறுதியாக இருத்தலாகாது; கட்டுப்பணம் நீங்கும் நாளில் அவனுக்குள்ள வயதின்படி கணிக்கப்படும். 1920 களில் ஊழியர் பங்களிப்பு முறை பரவியபோது ஆயிரம் டொலருக்கு மாதம் 60 சதம் என்பது வழக்கமான அறவீடாயிற்று. மிகுதியை முதலாளி ஈடுசெய்தார். நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்த ஒருவன் அதே ஆயிரம் டொலரை முழு ஆயுட் பத்திரமாக மாற்ற முனைந்தால் அதனைப் போற் பல மடங்கைத் தன்னந்தனியனாகச் செலுத்த வேண்டும். அதுவும் கூலி நின்றுபோன மாதத்தில். ஆகவே மாற்றிக்கொண்டோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் பலர் எப்பாடுபட்டாயினும் மாற்றியே தீரவேண்டியவர், அதாவது நோயுற்றவர். அவர்களின் மரண வீதம் உயர்ந்திருந்தமையால் கம்பனிகள் அந்த மேலதிகச் செலவைக் குழுவின் கணக்கிலேயே ஏற்றின. எனவே நீங்கியவன் தன் உரிமையைப் பயன்படுத்துவதில் முதலாளிக்கு நட்டமே உண்டு. அவனிடம் அவ்வுரிமை பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவரும் அதே முதலாளிதான்.

இதே காலத்தில் இன்னொரு பெரிய வேலைகொள்வோனும் இப்பிரச்சினையைச் சந்திக்க நேர்ந்தது. அது அரசு. அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கிய பின்னர், திறைசேரிச் செயலாளர் வில்லியம் மக்கடூவின் ஆதரவுடன், நீதிபதி ஜூலியன் மக் முக்கிய பங்கேற்று வரைந்த சட்டத் திருத்தம் 1917 ஒக்ரோபர் 6 இல் நிறைவேறியது. படைவீரன் ஒருவன் 1,000 முதல் 10,000 டொலர் வரை அரசாங்கக் காப்புறுதியைச் சமாதான கால வீதத்திற் பெறலாம்; யுத்தத்தால் மிகும் ஆபத்தின் செலவை அரசு ஏற்கும். மாதம் 30 டொலர் சம்பளம் பெற்ற சாதாரணச் சிப்பாய் 10,000 டொலர்க் காப்புறுதிக்கு மாதம் ஆறு தொடக்கம் ஏழு டொலர் கொடுத்தான். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், ஏறக்குறைய 4,000 கோடி டொலர்க் காப்புறுதி என்று சொல்லும்போது அக்காலத்து உலகில் இதற்கிணையான காப்புறுதி நிறுவனம் எதுவும் இருந்ததில்லை என்பது விளங்கும்.

யுத்தம் முடிந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரன் இப்பத்திரத்தை நிரந்தரப் பத்திரமாக மாற்றிக்கொள்ள 31 நாளன்று, ஐந்தாண்டு அவகாசம் இருந்தது. பின்னர் அக்காலக்கெடுவும் நீடிக்கப்பட்டு 1927 வரை சென்றது. விலையும் தனியார் கம்பனிகளின் விலையிலும் குறைவு. அவ்வாறிருந்தும் வீடு திரும்பியோரில் மிகப் பெரும்பாலோர் கட்டுப்பணத்தை நிறுத்திவிட, அவர்களது காப்புறுதி காலாவதியாயிற்று. காரணம் வறுமை மட்டுமன்று. படையிலிருக்கையில் கட்டுப்பணம் சம்பளத்திலிருந்து தானாகவே கழிக்கப்பட்டது. வெளியே வந்தபின் மாதந்தோறும் அவனே அனுப்ப வேண்டியிருந்தது. ஆபத்து விலகிவிட்டது என்ற நினைப்பும் சேர்ந்தது. கால அவகாசத்தின் குறுக்கம் மட்டுமே குற்றவாளி என்று கருதுவோர் இவ்வனுபவத்தை ஊன்றி நோக்க வேண்டும். சம்பளப் பட்டியலோடு இணைந்த பாதுகாப்பு சம்பளப் பட்டியலோடு முடிந்துவிடும் இயல்பினது என்பதை அரசின் தாராளத்தினாலும் முற்றாக மாற்ற இயலவில்லை.

தனியார் துறையிலே குழு ஆயுட் காப்புறுதி 1920 இல் ஏறக்குறைய 160 கோடி டொலராக இருந்து 1930 இல் ஏறக்குறைய 980 கோடியாக வளர்ந்தது. 1926 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் ஊழியரை மெற்றோபொலிற்றன் கம்பனியிற் காப்புறுதி செய்தது. இதே தசாப்தத்திலே தொழிற்சங்கங்கள் தமது சொந்தக் காப்புறுதிக் கம்பனியொன்றை அமைக்க முற்பட்டு, 1925 இல் நிறுவி, 1927 இல் தொழிற்படத் தொடங்கின. தம் உறுப்பினரின் பாதுகாப்பை முதலாளியின் கையிலிருந்து மீட்பதே நோக்கம். அது நிலைத்ததாயினும் பெருங்கம்பனிகளை வெல்ல அதனால் முடியவில்லை. பிறகு பெருமந்தம் வந்தது. 1933 இல் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. குழுக் காப்புறுதி பெருமளவிற் சோதனைக்குள்ளானது அப்போதுதான். தற்காலிகமாக வேலை நிறுத்தப்பட்டவன் காப்புறுதியை இழந்தவனா? முதலாளி கட்டுப்பணத்தைத் தொடர்ந்து செலுத்தினால் அவன் ஊழியனாகவே கருதப்படலாம் என்று பத்திரங்கள் கூறின, செலுத்தாவிடில் இல்லை. கணவன் தற்காலிகமாக நிறுத்தப்பட்டானா, நிரந்தரமாக நீக்கப்பட்டானா என்று விதவையர் நீதிமன்றங்களிலே வாதாட நேர்ந்தது. தனக்கு மாற்றுரிமை உண்டு என்பதை எவரும் சொல்லவில்லை என்ற முறைப்பாட்டை நீதிமன்றங்கள் ஒரேவகையாக அணுகவில்லை. அத்தாட்சிப் பத்திரத்திலே அது அச்சிடப்பட்டிருந்தது போதும் என்று தீர்த்தனவே பல. ஆலைத் தொழிலாளியின் வீட்டு அலுமாரியில் மடித்து வைக்கப்பட்ட அச்சுத்தாள் அவனுக்கு அறிவித்தலாகக் கொள்ளப்பட்டது! பிற்காலத்தில் நியூயோர்க் முதலிய சில மாநிலங்கள் அறிவித்தல் கொடுக்கப்படாவிடின் காலக்கெடு நீளும் எனச் சட்டமியற்றின. 31 நாட்களுக்குள் இறந்தவனின் குடும்பத்துக்கு, அவன் விண்ணப்பித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், குழுப் பத்திரத்தின்கீழ்த் தொகை கிடைக்கும் என்பதும் நியம ஏற்பாடாயிற்று. இதனைச் சிறு சீர்திருத்தம் என்று ஒதுக்க முடியாது. நீங்கியோர் பலருக்கு உண்மையிற் பயன்பட்டது இதுவொன்றே.

பெருமந்தத்தின் படிப்பினை வேறொரு திசையிலும் சென்றது. 1910 களின் இறுதியில் கட்டாய நோய்க் காப்புறுதி மசோதாக்கள் சில மாநிலங்களிலே முன்வைக்கப்பட்டபோது, அவற்றிலிருந்த ஈமச் செலவு உதவித்தொகையே காப்புறுதிக் கம்பனிகளின் கோபத்தைக் கிளறியது. புறூடென்ஷல் கம்பனியின் புள்ளிவிபரவியலாளர் பிரெடெரிக் ஹொவ்மன் அதற்கெதிராக எழுதியும் பேசியும் வந்தார். தொழிற்சங்கத் தலைவர் சாமுவெல் கொம்பேர்சும் அரசின் கட்டாயக் காப்புறுதியை எதிர்த்தார் என்பது முரணாகத் தோன்றினும் உண்மை. அம்முயற்சி தோற்றது. ஆனால் 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1939 இற் செய்யப்பட்ட திருத்தம், இறந்த தொழிலாளியின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்த உதவியை வழங்கியது. முதலாளி மாறினாலும் தொழிலாளியின் கணக்கு மாறுவதில்லை. நமது நாட்டில் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வந்த ஊழியர் சேமலாப நிதியை இதனுடன் ஒப்பிடுவோர் உளர். ஆயின் அது சேமிப்பு, இது காப்புறுதி. சேமிப்பு ஒருவனைப் பின்தொடர்வது எளிது. காப்புறுதி பின்தொடர்வதற்கு, அவன் எங்கு சென்றாலும் அங்கும் நீளும் ஒரு குழு வேண்டும். தேசம் முழுவதையும் ஒரு குழுவாக்கியமையே 1939 இன் சாதனை.

யுத்தத்துக்குப் பிந்திய செழிப்புக் காலத்திலே குழுக் காப்புறுதி மேலும் பெருகியது. 1954 இல் மத்திய அரசாங்க ஊழியருக்கும் அது வந்தது. அதன்கீழ் ஓய்வுபெறுவோர் சில நிபந்தனைகளுக்குட்பட்டுக் காப்புறுதியைத் தொடரலாம். இடையில் விலகுவோருக்குப் பழைய 31 நாள் மாற்றுரிமைதான். 1965 இல் வியட்னாம் யுத்தத்தின்போது படைவீரருக்கான குழுக் காப்புறுதி தொடங்கப்பட்டது. இம்முறை அரசு தானே காப்புறுதியாளராகாது தனியார் கம்பனிகளிடமிருந்து அதனை வாங்கியது. விடுவிக்கப்பட்ட பின் 120 நாட்களுக்குக் காப்பு நீடித்தது. 1974 இல் முன்னாள் படைவீரருக்கென்றே வேறொரு குழுத் திட்டம் வகுக்கப்பட்டது. இது கவனத்துக்குரியது. நீங்கியவனைத் தனி வாடிக்கையாளனாகச் சந்தைக்கு அனுப்பாமல், நீங்கியோரையே ஒரு குழுவாக்கியது இத்திட்டம். தொடக்கத்தில் ஐந்தாண்டுகளுக்கு மாத்திரம் இருந்த இப்பத்திரம் 1992 முதல் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கத்தக்கதாயிற்று. இப்போது 240 நாட்களுக்குள் விண்ணப்பிப்பவர் உடல்நலச் சான்று காட்டவேண்டியதில்லை.

சாதாரணத் தொழிலாளிக்கு இந்த வழி திறக்கப்படவில்லை. 1986 இல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டமொன்று வேலை நீங்கியவர் தம் மருத்துவக் காப்புறுதியைப் பொதுவாக 18 மாதங்கள் சொந்தச் செலவிலே தொடர வழி செய்தது. ஆயுட் காப்புறுதியை அது தொடவில்லை. மினசோற்றா மாநிலம் மட்டும் தன் சட்டத்தினால் ஆயுட் காப்புறுதிக்கும் 18 மாதத் தொடர்ச்சியை வழங்கியுள்ளமை விதிவிலக்கு. கம்பனிகள் தாமாகவே 1980 களிலும் 1990 களிலும் கூடச் செல்லும் காப்புறுதி என்ற புதிய ஏற்பாட்டைப் பரப்பின. இதன்படி நீங்கியவர் விலைகூடிய முழு ஆயுட் பத்திரத்துக்கு மாறாமல் தவணைக் காப்புறுதியையே குழு வீதத்துக்கு அண்மித்த விலையில் தொடரலாம். வேலை மாறும் இளைஞருக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் இப்பத்திரங்கள் பலவற்றிலே ஒரு நிபந்தனை இருக்கின்றது: நோயினாலோ காயத்தினாலோ வேலையை விட்டவர் இவ்வசதியைப் பெறமுடியாது, குறிப்பிட்ட வயதைக் கடந்தவரும் பெறமுடியாது. அவர்கள் 1917 இல் ஆணையாளர் மாநாடு வகுத்துக் கொடுத்த மாற்றுரிமையையே நாடவேண்டும், அந்த 31 நாட்களுக்குள்.